கடவுளோடு தோழமை: திருப்பதியில் எப்படி ரசிப்பது?

திருமலைப் பெருமாளின் மோவாயில் வெள்ளையாகப் பச்சைக்கற்பூரம் சாத்தியிருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துப் பலர் கடந்துவிடுகிறார்கள். அது காயத்துக்கு இட்ட மருந்து என்கிறது கோயில் ஐதீகம். ராமானுஜர் சொல்லைத் தலைமேல் கொண்டு, பூத்தொண்டு செய்ய மலையேறியவர் அனந்தாழ்வான். நந்தவனத்துக்காகக் குளம் வெட்டியபோது, கர்ப்பிணியான அவர் மனைவியின் மண்கூடையை ஒரு சிறுவன் வாங்கிச் சுமந்தான். தன் கைங்கரியத்தில் இன்னொருவன் பங்கு கேட்பதா என்ற கோபத்தில் அனந்தாழ்வான் கடப்பாரையை எறிந்தார். வந்தவர் பெருமாள், அடி விழுந்தது அவர் மோவாயில். அந்தக் கடப்பாரை இன்றும் மகாத்துவாரத்துச் சுவரில், நுழைகிறவர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருக்கிறது. எறிந்தவரைத் தண்டித்ததாகக் கதை இல்லை. எறிந்த கருவிக்குக் கோயில் வாசலில் இடம் கிடைத்தது. கடவுளோடு ஒரு மனிதர் எவ்வளவு உரிமை கொண்டாடலாம் என்பதற்கு இந்த மலை வைத்திருக்கும் சாட்சி அது.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது? திருப்பதி வட்டாரத்து அடியார் கதைகளை ரசிக்க விரும்புகிறவர் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கதையிலும் யார் யாருக்காகக் கவலைப்படுகிறார் என்று பாருங்கள். திருமலை நம்பி, பெருமாளின் திருமஞ்சனத்துக்காகப் பாபவிநாசத்திலிருந்து தண்ணீர்க் குடம் சுமந்தவர். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) ஆயிரக்கணக்கான சங்கீர்த்தனைகள் பாடினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. அவற்றுள் தாயாரின் தோழியாக நின்று பெருமாளிடம் பேசும் பாடல்கள் பல. பெருமாளைத் தூங்கவைக்கும் தாலாட்டும் உண்டு. இரவு ஏகாந்த சேவையில் அவர் வழிவந்தவர்கள் பாடுவது வழக்கம். காளத்தி மலையில் திண்ணனார் என்ற கண்ணப்பர் செய்ததும் இப்படிக் கடவுளுக்காகக் கவலைப்பட்டதுதான். காட்டில் குடுமித்தேவராகிய சிவன் துணையின்றித் தனியே இருக்கிறாரே என்று பதறி, இரவு முழுதும் வில்லேந்திக் காவல் நின்றார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். இவர்கள் எல்லோரும் தங்கள் குறையைச் சொல்வதற்கு முன்பே கடவுளின் தேவையைக் கவனித்தவர்கள். தோழமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. உரிமை அதில் பூத்தது.

உலகையே படைத்தவனுக்குத் தண்ணீரும் காவலும் எதற்கு என்று கேட்கலாம். அவனுக்குத் தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கொடுக்கிறவருக்குத் தேவை இருக்கிறது. தன்னைப் பற்றிய கவலையிலேயே சுழலும் மனம், இன்னொருவர் பசியையும் தனிமையையும் நினைக்கும்போதுதான் சற்று விரிகிறது. இப்படி நெருங்குவது மரியாதைக் குறைவு என்ற தடை இன்னும் கனமானது. அதைச் சேக்கிழாரே எழுப்புகிறார். திண்ணனார் சுவைத்துப் பார்த்துப் படைத்த இறைச்சியைச் சந்நிதியில் கண்டு, ஆகமம் அறிந்த சிவகோசரியார் கலங்கிப்போகிறார். கதை அவரைப் பழிக்கவில்லை. ஆறாம் நாள் அவரை ஒளிந்து நின்று பார்க்கவைக்கிறது. இறைவன் கண்ணில் குருதி வழிய, தன் கண்ணையே அம்பால் அகழ்ந்து அப்பும் வேடனை அவர் பார்க்கிறார். முறையோடு செய்யும் பூசைக்கும் அங்கே இடமுண்டு; ஆனால் அன்பின் அளவை முறையால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதே புராணத்தின் தீர்ப்பு.

தோழனிடம் போய் எதையாவது கேட்பது சுயநலம் அல்லவா என்பவர்கள் சுந்தரரைப் பார்க்க வேண்டும். காளத்திநாதர் மீதும் ஏழாம் திருமுறையில் பதிகம் பாடியவர் அவர். பொன் கேட்டார், நெல் கேட்டார், பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனையே திருவாரூர்த் தெருவில் தூது நடக்கவைத்தார். கண்ணொளி இழந்தபோது உரிமையோடு சண்டையும் போட்டார். அவருக்குச் சைவம் தந்த பட்டம் தம்பிரான் தோழர். கேட்பதால் தோழமை கெடுவதில்லை. கேட்பதற்கு மட்டுமே போனால்தான் கெடுகிறது. பாடிக்கொண்டே இருந்தவர் என்பதால் சுந்தரரின் வேண்டுதல்களும் பாட்டாகவே நின்றன.

இன்று மணிக்கணக்காக வரிசையில் நின்றும் சில நொடிதானே தரிசனம், அதில் என்ன தோழமை என்ற ஏக்கம் நியாயமானது. ஆனால் அனந்தாழ்வானின் தோழமை நந்தவனத்தில் வளர்ந்தது. நம்பியுடையது தண்ணீர்க் குடத்தோடு நடந்த வழியில் வளர்ந்தது. சந்நிதி அவர்கள் நாளின் ஒரு பகுதிதான். ஆகவே அடுத்த முறை போகும்போது மகாத்துவாரத்தில் அண்ணாந்து அந்தக் கடப்பாரையைப் பாருங்கள். உள்ளே போனதும் மோவாயைத் தேடுங்கள். காளத்தியில் சந்நிதியோடு திரும்பிவிடாமல், கண்ணப்பர் மலையும் ஏறிவிட்டு வாருங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தை வீணென்று எண்ணாமல், வீட்டில் பேசும் தமிழிலேயே கடவுளோடு பேசுங்கள். கோபமிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் பூத்தொடுப்பதோ, பசித்தவருக்குச் சோறிடுவதோ, அவருக்காக என்று ஒரு வேலையை எடுத்து நாள்தோறும் செய்யுங்கள். பிரார்த்தனை அந்த வேலையிலிருந்து தானாக எழும்.