தலையெழுத்து மரபணுவில் உள்ளதா?

படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றிப் பேச்சு எழும்போது நம்மவர் வாயிலிருந்து வரும் சொற்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, ‘அவன் தலையெழுத்து’. மற்றொன்று, ‘அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது’. முன்னது விதியின் மேல் பழி போடுவது. பின்னது இரத்தத்தின் மேல் பழி போடுவது. இரண்டும் முடிவில் ஓரிடத்தில்தான் போய் நிற்கின்றன. ‘நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை’ என்பதே அந்த இடம். பெற்றோர் இவ்வாறு பேசினால் ஆசிரியர் எடுத்துச் சொல்லித் திருத்தலாம். அறிஞர் ஒருவர் புள்ளிவிவரங்களோடு ஏறத்தாழ இதையே பேசினால் என் செய்வது? இவ்வினாவை நம் முன் வைக்கிறது, பேராசிரியர் இராபர்ட் பிளோமின் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘புளூபிரிண்ட்’ என்னும் ஆங்கில நூல். வீடு கட்டுமுன் வரையும் ‘பிளான்’ என்பதே அப்பெயரின் பொருள்.

நூலாசிரியர் சிறியவர் அல்லர். அமெரிக்காவில் பிறந்து, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் நெடுங்காலம் ஆய்வு நடத்தியவர். 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த ஆயிரக்கணக்கான இரட்டையரைக் குழந்தைப் பருவம் தொட்டுப் பின்தொடர்ந்து வந்தவர். ஒருகரு இரட்டையர் மரபணுவில் ஒத்தவர்; இருகரு இரட்டையர் உடன்பிறப்புகள் அளவுக்கே ஒத்தவர். இவ்விரு வகையினரை ஒப்பிட்டு, மனிதரிடையே காணும் மனப்பண்பு வேறுபாடுகளில் ஏறத்தாழப் பாதி மரபணு வேறுபாட்டால் வருவது என்று அவர் கணக்கிடுகிறார். எஞ்சிய பாதி பெரும்பாலும் தற்செயல் என்பது அவர் முடிவு. பெற்றோரும் பள்ளியும் முக்கியமே. ஆயினும் ஒருவனுக்கும் மற்றொருவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உண்டாக்குவதில்லை என்று அவர் வாதிடுகிறார். குழந்தை பிறந்த அன்றே மரபணுவைப் படித்து வருங்காலத்தை ஓரளவு கணிக்கலாம் என்பதும் அவர் துணிபு.

நூலின் நன்மையை மறைப்பது நேர்மை ஆகாது. ஒரு காலத்தில் குழந்தைக்கு ஆட்டிசம் வந்தால் ‘அன்பற்ற தாய்’ என்று பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். மனநோய்க்கும் அவ்வாறே வளர்ப்பைக் காரணம் காட்டினார்கள். அந்தக் கொடுமையை ஒழித்ததில் இரட்டையர் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளைகள் பலவகைப்பட்டவர்கள், ஒரே அச்சில் எல்லோரையும் வார்க்க முடியாது என்று பிளோமின் கூறுவதும் வகுப்பறையில் நின்றவர் எவரும் மறுக்க மாட்டாத உண்மை.

எனினும் நூலின் அடிப்படைக் குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. மரபணுவிலிருந்து தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் நேரே பாலம் கட்டுகிறார். அப்பாலத்தின் கீழே ஓடும் ஆற்றை, அதாவது பிறந்தபின் மூளை வளரும் வரலாற்றை, அவர் நின்று நோக்கவில்லை. கட்டட வரைபடம் வேலை தொடங்குமுன் முடிந்துவிடும். கல்லும் சுண்ணாம்பும் அதை மாற்றி எழுதுவதில்லை. மூளையின் கதை அவ்வாறானதா?

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடை உள்ளது. வளர்ந்தவரின் மூளையோ 1,300 கிராமுக்கு மேல். பெருமூளையின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை கருவிலேயே தோன்றிவிடுகின்றன. அப்படியானால் எடை மூன்று மடங்குக்கு மேல் பெருகுவது எதனால்? நரம்பணுக்கள் கிளை விடுகின்றன, ஒன்றோடொன்று இணைகின்றன, கொழுப்புறை பூணுகின்றன. முதலில் தேவைக்கு மிகுதியான இணைப்புகள் தோன்றும். பின்னர்ப் பயன்படுவன நிலைக்கும், பயன்படாதன களையப்படும். பார்வைக்குரிய பகுதியில் இவ்வேலை முன்னே நடக்கிறது. சிந்தித்துத் திட்டமிடும் முன்மூளையில் இருபது வயதையும் கடந்து நீள்கிறது. இவ்வளவையும் நடத்துவன மரபணுக்களே. ஆனால் அவை எல்லாம் ஒரே நாளில் பேசி முடித்து ஓய்வன அல்ல. எந்த மரபணு எப்பொழுது திறக்க வேண்டும், எப்பொழுது மூட வேண்டும் என்பதற்கு முறை உண்டு. கண்ணில் ஒளி படுவதும் காதில் தாயின் சொல் விழுவதும் நரம்பணுவுக்குள் செய்தியாகச் சென்று, அதன் கருவில் உள்ள சில மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. வாசலில் வந்து நிற்பவனைக் கண்டு கதவு திறக்கும் வீட்டை வரைபடம் என்று சொல்வது பொருந்துமா?

இதை விளக்க நம் தோட்டத்துச் செம்பனையே போதும். பழத்தின் ஓடு தடித்திருப்பதும் மெலிந்திருப்பதும் ஒரே மரபணுவின் ஆட்சி. அந்த மரபணுவை 2013-இல் மலேசியச் செம்பனை வாரிய அறிஞர்கள் இராஜிந்தர் சிங், இரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர், அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து கண்டறிந்தனர். இங்கே மரபணுவைப் பார்த்தால் போதும். நாற்றிலேயே கனியின் தன்மையைச் சொல்லிவிடலாம். பிளோமின் கனவு காணும் சோதிடம் இதுவே.

ஆனால் அதே வாரியத்தார் 2015-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரே தாய்மரத்தின் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகள் மரபணுவில் ஒத்தவை. எனினும் சில மரங்கள் மட்டும் உருக்குலைந்த காய்களைத் தந்து, எண்ணெய் இன்றிப் போயின. எழுத்து ஒன்றே, பயன் வேறு. காரணம், டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய மீத்தைல் என்னும் சிறு குறி ஓரிடத்தில் அழிந்துபோனதே. அந்த இடத்தில் இருந்த துணுக்கின் பெயர் ‘கர்மா’. குறி அழிந்த நிலையைத் ‘தீய கர்மா’ என்றும், நிலைத்திருப்பதை ‘நல்ல கர்மா’ என்றும் ஆய்வாளரே பெயரிட்டனர். நமக்கு இப்பெயர் வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பாடம் வேடிக்கை அன்று. எழுதப்பட்டது எது என்பதோடு, எந்த எழுத்து மூடப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறந்தபின் வளரும் மனித மூளையிலும் இந்த மீத்தைல் குறிகள் நரம்பணுக்களின் மேல் ஆண்டுதோறும் சேர்கின்றன. அக்குறிகளைப் படித்து மரபணுக்களை அடக்கி ஆளும் புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டால் வருவது ரெட் நோய். பெரும்பாலும் பெண் குழந்தைகளைப் பற்றுவது. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு வருவது. பிறந்தபோது குழந்தை நன்றாகவே இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வளர்ச்சி தயங்கும். பிறகு கற்ற சொல்லும் கையின் திறமும் மறையும். 1999-இல் அமெரிக்காவில் ஹூடா சோக்பியின் ஆய்வுக்குழு இம்மரபணுவைக் கண்டறிந்தது. 2007-இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டு குழுவினர், இதே பழுதுடைய எலிகளில், நோய் முற்றியபின் மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தனர். எலிகள் பெரிதும் தேறின. மனிதருக்கு அந்த மருத்துவம் இன்னும் கைகூடவில்லை. எனினும், மரபணுக் குறையால் வளர்ச்சி கெட்ட மூளை என்றென்றும் கெட்டதே என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது.

எலியை விட்டு நம் மருத்துவமனைக்கே வருவோம். மலேசியாவில் 1998 முதல், பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தைராய்டு குறைபாட்டுக்காகச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. உலகில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை உண்டு. அவர்களுள் சிலருக்கு அது மரபணுவால் வருவது. தைராய்டு சுரப்புநீர் மூளையின் நரம்பணுவுக்குள் சென்று பல மரபணுக்களைத் திறந்துவைப்பது. அது இல்லையேல் கிளை விடுதலும் உறை பூணுதலும் குன்றும். அறிவு வளர்ச்சி நிலையாகக் குன்றிவிடும். ஆனால் முதல் இரண்டு வாரத்திற்குள் கண்டறிந்து நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை கொடுத்து வந்தால், பெரும்பாலும் அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கு வந்து படிக்கும்.

மாத்திரை இல்லாத ஊரில் பிளோமின் கணக்கெடுத்தால், அப்பிள்ளைகளின் பின்னடைவுக்கு மரபணுவே காரணம் என்று எழுதுவார்; அது பிழையும் ஆகாது. மாத்திரை உள்ள ஊரில் எடுத்தால் அதே மரபணு கணக்கிலேயே தென்படாது. மரபணு மாறவில்லை, கணக்குத்தான் மாறியது. அவர் கூறும் விழுக்காடு மரபணுவின் வலிமையை மட்டும் அளப்பது அன்று. ஊரின் நிலையையும் சேர்த்து அளப்பது. ஆசிரியர் இதை அறியாதவர் அல்லர். தம் அளவைகள் இன்று இருப்பதைச் சொல்வனவே அன்றி, இனி ஆகக்கூடியதைச் சொல்வன அல்ல என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டதைப் பள்ளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மறந்துவிடுகிறார்.

அவர் நம்பும் மரபணு மதிப்பெண்ணின் நிலையையும் பார்ப்போம். 2018-இல் 11 இலட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து உருவாக்கிய மதிப்பெண், கல்வி பயின்ற ஆண்டுகளில் காணும் வேறுபாட்டில் 11 முதல் 13 விழுக்காட்டை விளக்கியது. அவர்கள் ஐரோப்பிய வழியினர். பிற இனத்தாரிடம் அம்மதிப்பெண்ணின் வலிமை மிகவும் குறைகிறது. ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளையை அதைக்கொண்டு அளப்பது, பிறருக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து உடம்பைக் குறை சொல்வதாகும். அதே ஆண்டில் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பெற்றோரிடம் இருந்து, பிள்ளைக்கு வந்து சேராத மரபணுக்களும் அப்பிள்ளையின் கல்வியோடு தொடர்பு கொண்டிருந்தன. வந்து சேர்ந்தவற்றின் விளைவில் ஏறத்தாழ 30 விழுக்காடு அவற்றுக்கு இருந்தது. உடம்பில் இல்லாத மரபணு எவ்வாறு வேலை செய்யும்? வீட்டின் வழியாகத்தான். ஆகவே மரபணு என்று எண்ணியதில் ஒரு பகுதி வளர்ப்பே.

இனி, இதற்கு நேர்மாறான பிழையையும் சுட்டாமல் விட்டால் நம் திறனாய்வு ஒருதலையாகும். ‘மூன்று வயதுக்குள் செய்யாவிட்டால் மூளை மூடிவிடும்’ என்று விளம்பரம் செய்து பெற்றோரின் பையைக் காலி செய்வோரும் இருக்கிறார்கள். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் பழமொழி அவர்களுக்குத் துணைக்கு வருகிறது. இந்தியாவில் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை செய்து ஒளி தந்தது. 2011-இல் வெளிவந்த ஆய்வில், 8 முதல் 17 வயது வரையிலான ஐவர், கையால் தொட்டறிந்த பொருளை முதலில் கண்ணால் அடையாளம் காண இயலாமல் திகைத்தனர். சில நாட்களிலேயே அத்திறம் வரத் தொடங்கியது. பார்வையின் கூர்மை முழுமையாக மீளவில்லை என்பதும் உண்மை. ஆதலின் பழமொழியும் முற்றிலும் பொய் அன்று. மரபணுக்கள் வகுத்த கால அட்டவணை உண்டு. அதில் தாமதமாக வருவோர்க்கும் இடம் உண்டு.

ஆசிரியப் பயிற்சியில் ‘குழந்தை வெற்றுப்பலகை’ என்னும் கொள்கையையும், ‘பிறவித் திறனே எல்லாம்’ என்னும் கொள்கையையும் எதிரெதிரே நிறுத்திக் கற்பிப்பார்கள். மூளையின் வளர்ச்சியை அறிந்தவர் இரண்டையும் ஏற்க மாட்டார். மரபணு வேலையைத் தொடங்கி வைக்கிறது. வேலை நடக்க உணவும் ஒலியும் ஒளியும் சொல்லும் வேண்டும். அவற்றைத் தருவது வீடும் பள்ளியும். நாற்பது பிள்ளைகள் உள்ள தோட்டப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ‘இவனுக்கு ஏறாது’ என்று முடிவு செய்துவிட்டால், அப்பிள்ளையின் மூளைக்கு வரவேண்டிய செய்திகளில் ஒரு பகுதி அன்றே நின்றுபோகிறது. பின்னர் அவன் தவறும்போது, ‘நான் சொன்னேன் அல்லவா’ என்று மரபணுவைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

‘புளூபிரிண்ட்’ ஆசிரியர்கள் படிக்க வேண்டிய நூலே. தாயைப் பழித்த காலத்திலிருந்து நம்மை மீட்கும் பகுதிகளுக்காகப் படிக்கலாம். பள்ளியைப் பற்றிய அதன் தீர்ப்பை மட்டும் மேல்முறையீட்டுக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். பிறந்தபின் மூளை எவ்வாறு வளர்கிறது, அதில் மரபணுவின் பங்கு யாது, வளர்ப்பின் பங்கு யாது என்பதை எளிய தமிழில் எடுத்துரைக்கும் நூல் ஒன்று நம் ஆசிரியர்கள் கையில் இருந்தால், இத்தகைய நூல்களை அஞ்சாமலும் மயங்காமலும் படிக்கலாம். மருத்துவம் கற்ற நம் இளைஞர்கள் அப்பணியை மேற்கொள்வார்களாக.