செடியும் அதன் ஊரும்: மேரியான் நார்த்தின் ஓவியங்கள்

மேரியான் நார்த் (1830–1890) வரைந்த படங்களில் செடி தனியாக வருவதில்லை. அது வேர்விட்ட மண், பின்னால் தெரியும் மலை, பூவைத் தேடி வரும் பறவை, இலையில் ஏறும் பல்லி எல்லாம் கூடவே வருகின்றன. அவர் காலத்தில் தாவர ஓவியம் என்றால் வெள்ளைத் தாளின் நடுவே ஒரு கிளை, அதன் அடியில் பிளந்து காட்டிய பூவும் காயும் விதையும், எல்லாம் மெல்லிய நீர்வண்ணத்தில். நிழல்கூட விழாத சுத்தம். அந்த மரபு தாவரவியலுக்குச் செய்த உபகாரம் பெரியது. இன்றும் ஒரு புதிய இனத்தை விவரிக்க அதுவே நம்பகமான வழி. ஆனால் அந்தக் கிளை எந்தக் காற்றில் ஆடியது, எதன் நிழலில் பூத்தது என்பதைச் சொல்ல அந்த வெள்ளைத் தாளில் இடமில்லை. நார்த் அந்த இடத்தைத்தான் வண்ணத்தால் நிரப்பினார். தாவர ஓவியராகவும் நிலக்காட்சி ஓவியராகவும் அவர் ஒரே தாளில் வேலை செய்தார்.

இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் 1830 அக்டோபரில் அவர் பிறந்தார். தந்தை ஃபிரெடரிக் நார்த் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், செல்வந்தர். இளமையில் நார்த்தின் ஆசை பாட்டில்தான் இருந்தது. குரல் கைவிட்ட பிறகே தூரிகை முழு நேரத் துணையானது. 1855-இல் தாய் இறக்கும்போது, தந்தையைப் பிரியமாட்டேன் என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கு 14 ஆண்டுகள் காப்பாற்றப்பட்டது. தந்தையும் மகளும் சேர்ந்தே ஆல்ப்ஸ், எகிப்து, சிரியா என்று சுற்றினார்கள்.

இந்தக் காலத்தில் நடந்த இரண்டு சின்ன நிகழ்ச்சிகள் பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் வித்து. முதலாவது, லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றபோது அதன் இயக்குநர் வில்லியம் ஹூக்கர் ஆம்ஹெர்ஸ்டியா என்னும் பர்மிய மரத்தின் பூங்கொத்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார். செந்நிறச் சரங்களாகத் தொங்கும் அந்தப் பூவைக் கண்ணாடி வீட்டில் அல்லாமல் அதன் சொந்த நிலத்தில் பார்க்க வேண்டும் என்ற வேட்கை அன்றைக்குப் பிடித்தது. இரண்டாவது, 1860-களின் பிற்பகுதியில் ராபர்ட் டவ்லிங் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் அவருக்கு எண்ணெய் வண்ணம் கற்றுக்கொடுத்தார். அதன்பின் அவர் நீர்வண்ணத்தின் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

1869-இல் தந்தை இறந்தபோது நார்த்துக்கு வயது 39. திருமணமில்லை, சொத்து இருந்தது, படத்தை விற்றுப் பிழைக்கும் கட்டாயம் இல்லை. 1871-இல் கப்பலேறி அமெரிக்கா, கனடா வழியாக ஜமைக்கா சேர்ந்தார். அங்கே மலைச்சரிவில், கைவிடப்பட்ட ஒரு தாவரத் தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியே தங்கி வரைந்தார். அடுத்து பிரேசில்: மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தில் ஒரு தங்கச் சுரங்கக் குடியிருப்பில் பல மாதங்கள் தங்கி, சுற்றியிருந்த காடுகளை வரைந்தார். இந்த இரண்டு பயணங்களிலேயே அவருடைய கைவழக்கம் உருப்பெற்றுவிட்டது. பின்னர் வந்த நாடுகளில் அது முற்றியதே தவிர மாறவில்லை.

அந்தக் கைவழக்கம் கவனித்துப் பார்க்கத் தக்கது. கெட்டித் தாளில் முதலில் மையால் கோட்டுருவம், அதன்மேல் எண்ணெய் வண்ணம். மடங்கும் தகரக் குழாய்களில் வண்ணம் அடைத்து விற்கும் முறை 1841-இல்தான் வந்தது. அது வராதிருந்தால் மழைக்காட்டின் நடுவே எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வது எளிதாக இருந்திருக்காது. துணிச்சட்டத்தைவிடத் தாளைத் தூக்கிச் செல்வதும் சுலபம். எண்ணெய் வண்ணம் அவருக்குக் கொடுத்த பெரிய லாபம் ஆழம். வெப்பமண்டலத்து இலை ஒரே பச்சை அல்ல. தளிரில் செம்பும், முற்றியதில் கருமையும், வெயில் நேராக விழும் மேற்புறத்தில் கிட்டத்தட்ட வெண்மையும் உண்டு. நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சு அந்தக் கனத்தைத் தாங்காது. நார்த் கரும்பச்சையை அடியில் வைத்து, ஒளியைத் தடித்த வண்ணமாக மேலே வைத்தார். அதனால்தான் அவருடைய இலைகளில் தோலின் தடிமன் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜமைக்காவில் வரைந்த ஜாதிக்காய்ப் படம் இதற்கு நல்ல சான்று. வெளிர்மஞ்சள் பழம் பாதியாக வெடித்திருக்கிறது. உள்ளே பளபளக்கும் பழுப்புக் கொட்டை, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் இரத்தச் சிவப்பு ஜாதிபத்திரி. அருகிலேயே மெழுகு போன்ற சிறு பூக்கள், கூடவே ஒரு ரீங்காரச்சிட்டு. தாவரவியலாளர் கேட்கும் இலை, பூ, காய், விதை நான்கும் இதில் இருக்கின்றன. ஆனால் எதுவும் கத்தியால் அறுத்து வைத்ததல்ல. மரமே தன் போக்கில் பழத்தை வெடிக்கவிட்ட நேரத்துக்காக ஓவியர் காத்திருந்தது போன்ற தோற்றம். அறிவியலுக்கு வேண்டிய தகவலை இயற்கையின் ஒரு கணத்துக்குள் பொதிந்து வைப்பதுதான் நார்த்தின் சிறந்த திறமை.

1875-இன் தொடக்கத்தில் டெனரீஃப் தீவில் டிராகன் மரங்களை வரைந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய நீண்ட பயணம் கலிஃபோர்னியா, ஜப்பான், சரவாக், ஜாவா, இலங்கை என்று போயிற்று. ஜப்பானின் குளிர் அவரை மூட்டுக் காய்ச்சலில் தள்ளியது. சரவாக்கின் வெப்பத்தில் உடல் தேறியது. அங்கே அரசர் சார்ல்ஸ் புரூக்கின் விருந்தாளியாக இருந்து, மத்தாங் மலையிலும் தங்கி வரைந்தார். சுண்ணாம்புப் பாறை மலைகளிலிருந்து ஹெர்பர்ட் எவரெட் என்பவர் கொண்டுவந்து கொடுத்த குடுவைச் செடி ஒன்றை அவர் 1876-இல் வரைந்தார். பூச்சி பிடிக்கும் அந்தக் குடுவை ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. பச்சை மஞ்சள் உடலில் கருஞ்சிவப்புத் திட்டுகள். வாயைச் சுற்றி அகன்று வளைந்து, வரிவரியாகக் கோடு ஓடும் விளிம்பு. அந்த விளிம்பின் வழுக்கலைத் தூரிகையால் காட்டியிருப்பது வியக்க வைக்கிறது; பூச்சி ஏன் விழுகிறது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம். படம் இங்கிலாந்துக்கு வந்ததும், வீச் என்ற புகழ்பெற்ற நாற்றுப்பண்ணை நிறுவனம் இந்தச் செடியைத் தேடிக் கொண்டுவர ஆள் அனுப்பியது. வில்லியமின் மகனும் கியூவின் அடுத்த இயக்குநருமான ஜோசப் ஹூக்கர் 1881-இல் அதற்கு நெபந்தஸ் நார்த்தியானா என்று பெயர் வைத்தார்.

1877 ஜனவரியில் அவர் இலங்கையின் களுத்துறையில் இருந்தார். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் அப்போது அங்கே குடியேறியிருந்தார். கேமரன் எடுத்த நார்த்தின் படங்கள் இன்றும் உள்ளன. ஒளியை வைத்து வேலை செய்த இரு பெரும் பெண் கலைஞர்கள் ஒரு வீட்டில் சந்தித்த சாட்சி அவை. கியூவிலிருந்து அனுப்பிய ரப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. தீவின் நிலக்காட்சி தோட்டப் பயிர்களால் மாறிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்தியப் பயணம் தொடங்கியது. தூத்துக்குடியில் இறங்கி மதுரை, தஞ்சாவூர் என்று வந்தார். தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத நேரம். தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர் ஆர்தர் பர்னல். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த அறிஞர். கோயில்களிலும் வழிபாட்டிலும் இடம்பெறும் செடிகொடிகள் மீது நார்த்துக்கு ஏற்பட்ட ஆர்வத்துக்குத் துணை நின்றவர் அவர்தான். செடியின் ஊர் என்பதில் மண்ணும் மழையும் மட்டுமல்ல, அதைச் சுற்றி மனிதர் வளர்த்த நம்பிக்கையும் சேரும் என்பதை நார்த் இந்தப் பயணத்தில் கண்டுகொண்டார். இமயமலைவரை சென்று 1879-இல் திரும்பியபோது கையில் 200-க்கு மேற்பட்ட இந்தியப் படங்கள் இருந்தன. கஞ்சன்ஜங்காவை டார்ஜிலிங்கிலிருந்து வரைந்தவற்றில், பனிமலையைவிட அதற்கு முன்னே சரியும் காட்டுக்குத்தான் அவர் அதிகச் சிரத்தை எடுத்திருக்கிறார்.

அந்தப் படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் வந்தது. நிலையான ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. 1879 ஆகஸ்டில் ஷ்ரூஸ்பரி ரயில் நிலையத்தில் வண்டியைத் தவறவிட்டுக் காத்திருந்தபோது ஜோசப் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார்: படங்களைக் கியூவுக்குத் தருகிறேன், அவற்றுக்கான கட்டடத்தையும் என் செலவில் கட்டித்தருகிறேன் என்று. ஹூக்கர் ஒப்புக்கொண்டார். வருகிறவர்களுக்குத் தேநீரோ காபியோ கொடுக்க வேண்டும் என்ற நார்த்தின் விருப்பம் மட்டும் ஏற்கப்படவில்லை. தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வாசல் நிலைகளின் மேல் வரைந்து வைத்தார் நார்த்.

இதற்கிடையே சார்ல்ஸ் டார்வின் அவரிடம், ஆஸ்திரேலியாவின் தாவரங்கள் வேறெங்கும் இல்லாதவை, அவற்றைப் பார்க்காமல் உலகத் தாவரங்களை வரைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்ற கருத்தில் யோசனை கூறினார். 1880-இல் நார்த் புறப்பட்டுவிட்டார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய்வந்து படங்களை டார்வினின் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார். 1882-இல் டார்வின் மறைந்தார்.

கூடம் 1882 ஜூனில் திறக்கப்பட்டது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் வடிவமைத்த செங்கல் கட்டடம். வெளியே இந்திய வீடுகளை நினைவூட்டும் தாழ்வாரம். வெளிச்சம் உயரத்து ஜன்னல்கள் வழியே வருகிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் 246 வகை மரப்பலகைகள், அவற்றுக்கு மேலே கூரை வரை படங்கள். நாடுவாரியாக வரிசைப்படுத்தி, சட்டத்தோடு சட்டம் உரச, விரற்கடை இடைவெளியும் இல்லாமல் நார்த்தே மாட்டினார். கதவுச் சட்டங்களிலும் பூ வரைந்தார். பின்னர் சேர்ந்தவற்றோடு இன்று அங்கே 830-க்கு மேற்பட்ட படங்கள். ஏறத்தாழ 900 தாவர இனங்கள்.

உள்ளே நுழைபவருக்கு முதலில் மூச்சு முட்டும். எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறும். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. தனியே தொங்கினால் அரை மணி நேரம் நிறுத்திவைக்கும் படம் இங்கே அண்டைப் படத்தோடு மோதி அடங்கிப்போகிறது. ஆனால் ஒரு சுவர் முழுவதையும் எட்டி நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும்: பிரேசிலின் பச்சையும் தென்னாப்பிரிக்காவின் பழுப்பும் ஒன்றல்ல. நாட்டுக்கு நாடு நிறம் மாறுவதைச் சுவரே சொல்கிறது. தாவரப் புவியியலை வண்ணத்தில் எழுதிய ஏடாக அந்தக் கூடத்தை வாசிக்கலாம்.

வேறு குறைகளும் இருக்கின்றன. தூரத்து மலையும் கைக்கெட்டும் இலையும் சில படங்களில் ஒரே கூர்மையோடு வருவதால் வெளி சுருங்கிவிடுகிறது. வானம் அவசரமாக முடிக்கப்பட்டிருக்கும். மனிதர்கள் பெரும்பாலும் மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்கள்தாம். தோட்டங்களில் உழைத்தவர்களின் முகம் இந்தப் படங்களில் இல்லை. ஆளுநர்களின் அறிமுகக் கடிதங்களோடு, பேரரசின் பாதைகளில் சென்ற பயணி அவர். அந்தப் பாதையின் எல்லை படங்களுக்கும் எல்லையாயிற்று. இருந்தும் காடு அழிவதை அவர் கண்கள் தவறவிடவில்லை. கலிஃபோர்னியாவின் செம்மரங்கள் வெட்டுப்படுவதைக் கண்டு வருந்தி எழுதினார். இந்தப் படங்களில் உள்ள காட்சிகள் பல கோடரியாலும் தீயாலும் மறைந்துகொண்டிருப்பவை, இனி இயற்கையில் காணக் கிடைக்காதவை என்று கூடத்தின் கையேட்டில் ஹூக்கரும் குறிப்பிட்டார்.

கூடத்தின் திறப்புக்குப் பிறகும் நார்த் அமரவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கும் பின் சீஷெல்ஸ் தீவுகளுக்கும் போனார். சீஷெல்ஸில் வரைந்த கடல்தேங்காய் மரத்தின் பெண் குலையில் பச்சைப் பல்லிகள் ஓடுகின்றன. அங்கே கப்புசின் என்று வழங்கிய மரத்தை நார்த் ஹூக்கரின் கவனத்துக்குக் கொண்டுவர, அது புதிய பேரினம் என்று கண்ட ஹூக்கர் அதற்கு நார்த்தியா என்று பெயரிட்டார். காது மந்தமாகி, நரம்புத் தளர்ச்சி கூடிய நிலையில் 1884-இல் கடைசிப் பயணம்: சிலி. அங்குள்ள அரக்கேரியா மரங்களை அவற்றின் காட்டிலேயே வரையாமல் தொகுப்பு நிறைவடையாது என்று கருதினார். ஏழு பனிச்சிகரங்கள் பின்னால் வரிசைகட்ட, அடுக்கடுக்கான கிளைகளோடு நிற்கும் அந்த மரங்களின் படம் நார்த்தின் நிலக்காட்சிகளில் மிக அமைதியானது. மற்றவற்றில் இல்லாத காற்றோட்டம் இதில் உண்டு.

திரும்பியபின் கூடத்தை விரிவாக்கி, படங்களை மறுபடி வரிசைப்படுத்தி முடித்து, குளோஸ்டர்ஷயரின் ஆல்டர்லி சிற்றூரில் தோட்டம் போட்டுக் குடியிருந்தார். 1890 ஆகஸ்ட் 30 அன்று அங்கேயே காலமானார். அவருடைய தன்வரலாற்றை 1892-இல் தங்கை கேத்தரின் பதிப்பித்தார்.

செடியை ஊரோடு வரையும் முறையின் பயன் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தீரவில்லை. சரவாக்கின் மத்தாங் காட்டுச் செடிகளை 1876-இல் அவர் ஒரே படத்தில் கூட்டி வரைந்திருந்தார். அதில் நீலக் காய்களோடு இருந்த ஒரு செடி இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. தாவர ஓவியரான தியான்யி யூ அந்தப் படத்தைக் கியூவின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, அது அதுவரை பெயரிடப்படாத இனம் என்று கண்டறிந்தார். 2021-இல் அதற்குச் சசாலியா நார்த்தியானா என்று பெயரிடப்பட்டது.