மூன்றுக்கு மேல் சாகக் கூடாதாம்!

இலக்கிய ஏட்டுக்கு அரசாங்கத் தாளில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கவிதையைக் காட்டிலும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய தாள்கள் உண்டு, தோழர்களே! ஒரே சொல்லில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பைத் தொங்கவிடும் தாள்கள் அவை. பேரிடரில் மாண்ட கால்நடைகளுக்கு நிவாரணம் வழங்க, 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு நடுவண் அரசு வகுத்த நெறிமுறை அத்தகையது.

கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்கிறது அது. முன்னர் கறவை மாட்டின் விலை 30,000 தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தமிழக அரசும் இந்த உயர்ந்த தொகையையே அறிவித்தது. வரவேற்கிறோம். ஆயின், தொகைக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும் நிபந்தனைகளை யார் படித்தார்கள்?

குடும்பம் ஒன்றுக்கு மூன்று கறவை மாடுகள், அல்லது முப்பது ஆடுகள். எத்தனை மாண்டாலும் கணக்கு அவ்வளவே! தேனி மாவட்டத்து மலைமாட்டுக் கிடைகளை எண்ணிப் பாருங்கள். கிடை போடுபவனிடம் நிலமில்லை, நீச்சில்லை. மந்தைதான் அவன் சொத்து. பிறர் வயலில் மாட்டை அடைத்து உரம் சேர்த்துக் கொடுத்துக் கூலி பெறுபவன் அவன். அவனுடைய பத்து மாடுகளை வெள்ளம் கொண்டுபோனால், ஏழு மாடுகள் சாகவே இல்லை என்கிறது சட்டம்.

அடுத்தது, ‘பொருளாதாரப் பயன் தரும் கால்நடை’ என்னும் சொற்றொடர். தலை ஈற்றுக்குக் காத்திருக்கும் கிடாரி பயன் தருவதா, தராததா? ஏழை வீட்டில் நாளைய பால் அதன் மடியில்தானே இருக்கிறது! இதை முடிவு செய்பவர் மாட்டை வளர்த்தவரல்லர், மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்.

மூன்றாவது, இறப்புக்குச் சான்று. சோத்துப்பாறை அணை நிரம்பி வழியும்போதெல்லாம் வராக நதிக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் என்று அந்த வரிசை நீளும். மனிதர் மேட்டுக்கு ஏறிவிடலாம். கட்டுத்தறியில் நிற்கும் மாடு என்ன செய்யும்? ஜெயமங்கலத்தில் ஆற்றோடு போன பசு வைகையில் கலந்துவிட்டால், உடலைக் காட்டு என்று கேட்டால் எதைக் காட்டுவது?

“வருணன் சினந்தான், விதி முடிந்தது” என்று இதற்கும் ஆறுதல் சொல்வோர் உண்டு. கொட்டில்களைக் காலி செய்த வெக்கை நோய்க்கும் முன்பு அப்படித்தான் சொன்னார்கள், பொங்கலிட்டார்கள், மந்திரித்தார்கள். அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததென ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011இல் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி! ஆனால் நோய்க்கு மாடு மடிந்தால் இந்த நெறிமுறையில் இடமில்லை. புயலும் வெள்ளமும் வறட்சியும் இருக்கும் பேரிடர்ப் பட்டியலில் கால்நடைக் கொள்ளைநோய் காணப்படவில்லை.

வழியே இல்லையா? மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த வில்லையை அரசே மாட்டுகிறது. தடுப்பூசி போட்ட விவரத்தையும் அந்த எண்ணின்கீழ்ப் பதிகிறது. உயிரோடிருந்தபோது ஊசி போட அடையாளம் தெரிந்த மாடு, வெள்ளத்தில் போனபின் அடையாளமற்றுப் போவானேன்? வில்லை எண்ணும் ஊராரின் வாக்குமூலமும் சான்றாகும் என ஒரு வரி சேர்க்கட்டும். மூன்று என்னும் எண்ணை அடிக்கட்டும். நெறிமுறையைப் புதுப்பிக்கும் வேளையில் இவ்விரண்டையும் கேட்டு, கிராமசபைதோறும் தீர்மானம் போடுமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.