இராமன் ஆண்டாலென்ன?

நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழிகளுள் "இராமன் ஆண்டாலென்ன, இராவணன் ஆண்டாலென்ன" என்பது ஒன்று. தோட்டத்துக் கோயில் திண்ணையிலாயினும் சரி, ஈப்போ நகரத்துக் காப்பிக்கடையிலாயினும் சரி, தேர்தற் பேச்சு எழுந்த மாத்திரத்தே யாரேனும் ஒருவர் இதனைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். சொன்னவர் உலகம் கண்டவர் என்றும், மறுத்துப் பேசுவோர் விவரம் அறியாதவர் என்றும் ஒரு மதிப்பும் ஏற்பட்டுவிட்டது.

பாட்டையும் கதையையும் ஆராயும் இப்பகுதியில் ஒரு பழமொழியை ஆராய்வது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயிரவர் படிக்கும் நூலினும் இலட்சம் பேர் சொல்லும் சொல்லே மக்கள் வாழ்வை மிகுதியும் ஆளுகின்றமையின், அதனை ஆராய்தல் திறனாய்வாளர்க்கு முதற்கடன் என்பது எமது துணிபு. இராமன் நல்லவனோ இராவணன் நல்லவனோ என்னும் பழைய வழக்கை யாம் ஈண்டு எடுத்தோமில்லை. அவ்வழக்கு நம் சீர்திருத்த மேடைகளில் வேண்டுமளவு நடந்திருக்கிறது.

முதலில், பழமொழியின் பக்கமுள்ள நியாயத்தை ஒளியாது கூறிவிடுவோம். 2008 மார்ச் 8-ஆம் நாள் நடந்த தேர்தலில் பேராக் வாக்காளர் 59 சட்டமன்றத் தொகுதிகளுள் 31-ஐ எதிர்க்கட்சிகளுக்கு அளித்து, அரை நூற்றாண்டு ஆண்டவரை இறக்கினர். பதினொரு திங்கள் நிரம்புமுன் உறுப்பினர் மூவர் தம் கட்சிகளைத் துறந்து மறுபக்கம் சாய்ந்தனர். 2009 பிப்ரவரியில் வாக்குப்பெட்டி ஒன்றையும் திறவாமலே ஆட்சி கைமாறிற்று. மார்ச்சு மாதத்தில் சட்டமன்றத்தின் ஒரு கூட்டம் ஈப்போவில் மரத்தடியிலே நடந்தது. மே 7-ஆம் நாள் சபாநாயகர் சிவகுமார் அவையினின்று இழுத்து அகற்றப்பட, கணேசன் என்பார் அவ்விடத்தில் அமர்த்தப்பெற்றார். இருவரும் நம்மவரே. "நம்மவர் ஒருவர் நாற்காலியில் இருந்தாற் போதும்" என்று மேடைதோறும் முழங்குவோர் அன்று எவரைக் கொண்டாடினரோ, யாம் அறியோம்.

அக்கூத்து 2020 மார்ச்சில் மீண்டும் நிகழ்ந்தது. 2018-இல் மக்கள் தேர்ந்த கூட்டணி கவிழ்ந்தது. ஆயினும் அதற்கு மந்திரி பெசாராயிருந்த அகமது பைசாலே புதிய கூட்டணிக்கும் மந்திரி பெசாரானார். அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் அவரையும் 48 உறுப்பினர் எதிர்த்து வாக்களிக்க, ஆதரித்தவர் பதின்மரே. பின்னர் 2022 நவம்பர்த் தேர்தலில் ஒருவரை ஒருவர் வைது வாக்குக் கேட்ட கட்சிகள், வாக்கெண்ணி முடிந்ததும் ஒரே அரசில் அமர்ந்தன. இராமனும் இராவணனும் ஒரே மந்திரிசபையில் வீற்றிருக்கக்கூடும் என்பதைப் பழமொழி செய்தவன் கனவிலும் எண்ணியிருக்கமாட்டான். கட்சித் தாவலைத் தடுக்க 2022-இல் அரசமைப்புத் திருத்தம் ஒன்று வந்தது. நன்றே. எனினும் தனியொருவன் தாவுவதைத் தடுக்கும் அச்சட்டம், கட்சி முழுதும் அணி மாறுவதைத் தடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் கண்ட வாக்காளன் சலித்தான் எனின், அதிற் குற்றமென்ன? 2018-இல் இந்நாட்டு வாக்காளருள் நூற்றுக்கு 82 பேர் வாக்களித்தனர். 2022-இல் ஏறத்தாழ 74 பேரே வந்தனர். பட்டியலில் பெயர்கள் தாமாகவே சேர்க்கப்பட்டு எண்ணிக்கை பெருகியதும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் சலிப்பு இல்லையென்று எவரும் சாதிக்க முடியாது. 2018-இல் படித்த இளைஞர் சிலர், சீட்டைக் கெடுத்துப் போட்டு நம் வெறுப்பைக் காட்டுவோம் என்று இயக்கமே நடத்தினர். அவர்தம் சினம் நேர்மையானது, வழிதான் பயனற்றது. கெட்ட சீட்டில் எழுதியிருக்கும் குறையை எண்ணும் அதிகாரி படித்துப் பார்ப்பதில்லை. ஒரு கட்டாகக் கட்டி ஒதுக்கிவிடுகிறார்.

நிற்க. பழமொழியைச் சற்று உற்று நோக்குவோம். இதனைச் சொல்பவன் யார்? அரசனைத் தேர்ந்தெடுக்கவோ விலக்கவோ உரிமையற்ற பழைய காலத்துக் குடியானவன். போர்க்களத்தில் எவன் வென்றாலும் அவனுக்கு வரிவாங்க வருபவன் ஒருவனே. நம் பாட்டன்மார்க்கும் அஃது உண்மையாகவே இருந்தது. துரை மாறினாலும் கங்காணி மாறவில்லை; கங்காணி மாறினாலும் லயம் மாறவில்லை. ஆகவே பழமொழி பிறந்த இடத்தில் அது பொய்யன்று. ஆள்பவர் சிலர், ஆளப்படுபவர் நாம், இடையில் நமக்கு வேலையில்லை என்னும் எண்ணத்தை உள்ளே பொதிந்துவைத்து, ஓட்டுரிமை பெற்ற மக்களின் நாவிலும் அது குடியிருப்பதே கேடு.

வியப்பென்னவெனின், ஓட்டில்லாத நம் முன்னோர் இப்பழமொழிக்குக் கட்டுப்பட்டு வாழவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்க்கு வாக்குச்சீட்டும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. கூலி உயர்வு கேட்டதோடு, கள்ளுக்கடையை மூடுக என்றும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க என்றும் கேட்டனர். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒருங்கே போராடிய அம்மக்களின் பேரப்பிள்ளைகள், கையில் சீட்டை வைத்துக்கொண்டு "எவன் வந்தாலென்ன" என்று கொட்டாவி விடுவது பொருந்துமா?

பேராக்கிலேயே சான்றுகள் உள. சுதந்திரத்துக்குப்பின் வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்க, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தெருவில் நிற்கும் நிலை வந்தது. 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர் தம் கூலியிலிருந்து கொடுத்த சிறு தொகைகள் திரண்டு, கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் முதலாய தோட்டங்கள் வாங்கப்பெற்றன. சம்பந்தன் கட்சித் தலைவரும் மந்திரியுமே. ஆயினும் தோட்டங்களை வாங்கியது மந்திரி பதவியன்று. கூலிக்காரன் கொடுத்த வெள்ளியே வாங்கிற்று.

மற்றொன்று அதே சுங்கை சிப்புட்டில் நிகழ்ந்தது. 1974 முதல் அத்தொகுதியைக் கையில் வைத்திருந்த சாமிவேலு அவர்களை 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் தோற்கடித்தார். அது ஒரு நாளில் வீசிய காற்றன்று. அவரும் அவர்தம் தோழர்களும் தோட்டக் குடும்பங்களின் வீடு, நிலம், கூலி பற்றிய வழக்குகளில் நெடுங்காலம் உடனிருந்து உழைத்தவர். 1999-இலும் 2004-இலும் தோற்று, மூன்றாம் முறையே வென்றார். உறுப்பினரானபின் தம் சொத்துக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைத்தார். அத்தகையவரையும் 2018-இல் வீசிய கட்சிக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. இதனால் அறியக்கிடப்பது யாது? நல்லவரை அனுப்பிவிட்டோம் என்று மக்கள் உறங்கப் போய்விட்டால், அந்நல்லவரும் நிலைக்கமாட்டார்.

கட்சியின்றிக் காரியம் ஆகுமா என்று கேட்போர்க்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் ஓட்டுரிமை வேண்டும் என்று மாணவரும் இளைஞரும் தொடங்கிய இயக்கத்தின் பயனாக, 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்திற்று. நடைமுறைப்படுத்துவதில் தாமதம் நேர்ந்தபோது அவ்விளைஞர் நீதிமன்றம் ஏறினர்; 2021 டிசம்பர் 15 முதல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. பதவியில்லாத பிள்ளைகள் செய்த காரியம் இது.

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். சாக்கடை அடைத்துக்கொள்வதும், தெருவிளக்கு எரியாததும், குப்பை அள்ளப்படாததும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அம்மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஈப்போவாசிக்கு ஓட்டில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அவை வேண்டுமா என்று ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அக்குழு 1968-இல் அறிக்கை தந்தது. அரசு ஏற்கவில்லை, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமனத்தையே நிலைநாட்டிற்று. அன்று எதிர்க்கட்சியிலிருந்து "தேர்தல் வேண்டும்" என்றவர்கள் ஆட்சிக்கு வந்தபின்னும் அத்தேர்தல் மீளவில்லை. வீட்டுக்கு மிக அருகிலுள்ள அதிகாரத்தின்மீது வாக்குச்சீட்டு செல்லாது எனின், அங்கே செல்வது குடிமக்களின் கூட்டுமுயற்சி ஒன்றே.

கூட்டுமுயற்சி என்றவுடன் அதனையும் தெய்வமாக்கிவிட வேண்டா. இனத்தின் பொருளாதாரம் உயரும் என்று 1982-இல் தொடங்கப்பெற்ற மைக்கா நிறுவனத்தில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நம்மவர் பங்கு வாங்கினர். நகையை அடகு வைத்துக் கொடுத்தவரும் உண்டு. எதிர்பார்த்த பயன் அவர்க்குக் கிட்டவில்லை. பணத்தைக் கொடுத்தவர் கேள்வியைக் கொடுக்கவில்லை. தலைவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தனர். பழமொழியின் மறுபக்கம் இதுவே. "எவன் ஆண்டாலென்ன" என்பவனும், "எங்கள் தலைவர் ஆண்டாற் போதும்" என்பவனும் வேறு வேறானவர் போலத் தோன்றினும், இருவரும் தம் காரியத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுக் கைகட்டி நிற்பவரே. நேற்றுவரை மாலை போட்ட கை இன்று சலித்துத் தொங்குகிறது. அவ்வளவே வேற்றுமை.

ஆகவே வாக்களியாதீர் என்று யாம் சொல்லவில்லை, தவறாது அளியுங்கள். ஆனால் அந்த ஒரு நாளோடு கடன் தீர்ந்ததென்று எண்ணாதீர். ஒவ்வொரு தாமானிலும், எஞ்சியுள்ள ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும் ஐவர் அறுவர் கூடி, ஒரு குறிப்பேடு வைக்கட்டும். பெண்டிர் அதில் பாதியேனும் இருக்கட்டும்; சாக்கடை நாற்றத்தை முதலில் அறிபவர் அவரே. அண்டையிலுள்ள மலாய்க்காரரும் சீனரும் அதே சாக்கடைக்கு உரியவராதலின், அவரையும் அழைக்கட்டும். எந்த நாளில் எந்த அதிகாரிக்கு எழுதினோம், என்ன விடை வந்தது, வந்த மானியம் எங்கே போயிற்று என்பன அதில் ஏறட்டும். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வரும்போது மாலைக்குப் பதில் அந்தக் குறிப்பேட்டை நீட்டுக. அதைப் படிக்கத் துணிபவர்க்கு வாக்களிக்கலாம். அவர் எக்கட்சியினர் என்பது பிற்பாடு.

"இராமன் ஆண்டாலென்ன" என்று இனி யாரேனும் சொன்னால், அவரை அறிவாளியென்று மதித்து வாளாவிராதீர். "நம் தெருவின் கணக்கை எழுத நீர் எப்போது வருகிறீர்?" என்று அன்போடு கேளுங்கள்.