உண்ணி தேடிப் போனவர்

வங்காரி மாத்தாய் 2006-இல் வெளியிட்ட, 'பணியாதவள்' எனப் பொருள்படும் 'அன்பவுட்' என்னும் தன்வரலாற்றின் உயிர் உண்ணிகளைப் பற்றிய பக்கங்களில் இருக்கிறது. கால்நடை உடற்கூற்றியலில் முனைவரான இக்கென்யப் பெண்மணி, மாடுகளை மாய்க்கும் காய்ச்சலை ஆராய நைரோபியின் சுற்றுப்புறங்களில் உண்ணி சேகரிக்கச் சென்றார். கண்டதோ மெலிந்த மாடுகளையும் மண் கரைந்தோடும் ஆறுகளையும்! மாட்டுக்குப் பெரும்பகை உண்ணியன்று, நிலத்தின் சீரழிவே எனத் தெளிந்தார். தொழில் பழக்கிய கண் அது. (பிற்பகுதி அரசியல் சற்றே அறிக்கைபோல் நீளுகிறது.) 1977-இல் அவர் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். மரம் வளர்க்கப் பட்டயம் பெற்றவர்களே வேண்டும் என்றனர் வனத்துறையினர். அவரோ, விதை பொறுக்கி நாற்று வளர்த்த கிராமத்துப் பெண்களைப் பட்டயமில்லா வனவியலாளர் என்றழைத்தார். அப்பெண்களின் குரலுக்கு நூல் இன்னும் இடம் தந்திருக்கலாம்.