அப்பாவிக் குரலில் ஒரு கொலைகாரன்

ஜிம் தாம்ப்சன் 1964-இல் எழுதிய 'பாப். 1280' நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது நிக் கோரியின் குரல். அமெரிக்கத் தென்பகுதிச் சிற்றூரின் ஷெரீஃப் அவன். லஞ்சம் வாங்குகிறவன், சோம்பேறி, கொலைகாரனும்கூட; ஆனால் வெறும் மந்தபுத்திக்காரன் என்றே ஊர் நம்புகிறது. கதையை அவனே சொல்கிறான். தேர்தலில் எதிராளி நல்லவர். அவரைப் பற்றிய வதந்திகளைத் தான் நம்பவே இல்லை என்று நிக் சொல்லிவைக்கிறான். அப்படியொரு வதந்தியே கிடையாது! மிச்சத்தை ஊர் இட்டுக்கட்டிக்கொள்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன், அந்தச் சிரிப்பே நம்மை அவனுக்குக் கூட்டாளியாக்கிவிடுகிறது. 1981-இல் இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே இந்த நாவலை, கதைக்களத்தைப் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மாற்றிப் படமாக்கினார். அருமையான படம். ஆனாலும் அந்த வெள்ளந்திக் குரலுக்கு நாவலைத்தான் படிக்க வேண்டும்.