பத்தி பிரிக்கத் தெரிந்தவர்கள்

புதுச்சத்திரத்தில் செய்தித்தாளை முழுசாகப் படிக்கிறவர் குறைவு; தாள் தாளாகப் படிப்பார்கள். சேலம்–நாமக்கல் சாலையோரத்து டீக்கடையில் காலையில் பேப்பர் வந்து விழுந்த கையோடு நாலாகப் பிரிந்துவிடும். முதல் தாள் பெரியவர் ஒருவரிடம். விளையாட்டுப் பக்கம் காலேஜ் பையனிடம். நடுத்தாள் கோழிப்பண்ணைக்குத் தீவனம் ஏற்றப் போகிறவரிடம். மீதி பெஞ்சில் கிடக்கும், அடுத்து வருகிறவருக்காக. பெரியவர் சத்தமாக வாசிப்பார். பக்கத்தில் இருக்கிற மூன்று பேர் காதால் படிப்பார்கள். நாமக்கல் பஸ் வந்துவிட்டால் பாதிச் செய்தியோடு எழுந்து போக வேண்டியதுதான்.

இந்த வாசகனை மனசில் வைத்து ஒரு பக்கத்தை அமைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும், படம் போட்டவர் பெயரும் தெரியும். எந்த இடத்தில் பத்தியை முறிப்பது, எங்கே சின்னத் தலைப்பு வைப்பது, எவ்வளவு வெள்ளை விடுவது என்று தீர்மானித்தவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஆனால் படிக்க உட்கார்ந்தவனை எழுந்து போகாமல் பிடித்து வைப்பதில் பாதி வேலை அவருடையது. அலங்காரம் செய்வது அவர் தொழில் அல்ல. வாசகனுக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று கணித்து, அந்த இடத்தில் இடம் விடுவதுதான் அவர் கலை. தமிழ்ப் பக்கத்தின் சரித்திரத்தையே இப்படி இடம் விட்டுக்கொண்டே வந்த சரித்திரம் என்று சொல்லலாம்.

ஓலைச் சுவடியில் அந்த இடம் கிடையாது. ஓலை நறுக்கு குறுகல். எழுத்தாணி கீறிக்கொண்டே போகும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, பாட்டு முடிந்தால் புது வரி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியும் வைப்பதில்லை. இன்றைய செய்தி ஒன்றை அந்த வழக்கப்படி எழுதினால் இப்படி இருக்கும்:

மரவளளிககிழஙகுவிலையுயரநததுவிவசாயிகளமகிழசசி

மரவள்ளிக்கிழங்கு விலை உயர்ந்தது, விவசாயிகள் மகிழ்ச்சி. ஊர்க்காரர் என்பதால் நாம் ஊகித்துவிடுவோம். ‘பலகை’ என்று ஓரிடத்தில் வந்தால் அது பலகையா, பல கையா? ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வடிவ வேறுபாடு பார்க்காமல் எழுதிய ஏட்டில் குழப்பம் இன்னும் கூடும். ஏடு படிக்கிறவர் முக்கால்வாசிப் பாட்டை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருப்பார். ஓலை அவருக்கு ஞாபகக் குறிப்பு. பாட்டு தெரியாதவனுக்கு அந்த ஓலை ஒன்றும் சொல்லாது.

அச்சு வந்த பிறகும் இந்த நிலை உடனே மாறிவிடவில்லை. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பதிப்புகளில்கூடச் செய்யுளை ஏட்டில் இருந்தபடியே நீட்டி அடித்தவை உண்டு. யந்திரம் மாறிய வேகத்தில் கண்ணின் பழக்கம் மாறவில்லை.

மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆறுமுக நாவலர். 1849-இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தவர், ‘பாலபாடம்’ எழுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் தமிழ் உரைநடையில் தாராளமாகப் புழங்கியது அவர் கையால். அவர் வாக்கியங்கள் நீளமானவை; ஆனாலும் மூச்சு முட்டாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குறி நின்று வழிகாட்டும்.

அடுத்தவர் உ.வே.சாமிநாதையர். அவரைப் பற்றிப் பேசினால் ஊர் ஊராக ஏடு தேடிய கதையைத்தான் எல்லோரும் பேசுவோம். அவர் பக்கம் அமைத்த விதத்தைத் தனியாக ரசிக்க வேண்டும். 1894-இல் வந்த புறநானூற்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மூலம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. உரை தனியாக நிற்கிறது. திணையும் துறையும் பாட்டை அடுத்து. பாடபேதமும் ஒப்புமைப் பகுதியும் அடிக்குறிப்பில். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்பதற்குத் தனி வரலாறுகள். ஏட்டில் பாட்டும் உரையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் கலந்து கிடந்ததை, அவரவருக்கு உரிய இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். பாட்டை மட்டும் படிக்க வந்தவர் பாட்டோடு போகலாம்; ஆராய வந்தவர் அடிக்குறிப்புக்கு இறங்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு வாசகருக்கு இடம்.

மூன்றாமவர் மர்ரே எஸ். ராஜம். 1950-களில் அவர் கொண்டுவந்த மலிவுப் பதிப்புகளில் பழம்பாடல்களின் சந்தியைப் பிரித்து, நிறுத்தக்குறி போட்டு அச்சிட்டார். 1958-இல் வந்த ‘பாட்டும் தொகையும்’ அந்த வரிசையில் ஒன்று. புலவர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்காத ஒருவர், தானே புத்தகத்தைத் திறந்து தட்டுத் தடுமாறியாவது படித்துவிட முடிந்தது. சந்தியைப் பிரித்தால் சீர் குலையும், ஓசை போகும் என்பது உண்மைதான், காதுக்கு நஷ்டம். ஆனால் கண்ணுக்கு வாசல் திறந்தது. பக்கம் அமைக்கிறவர் எப்போதும் இப்படி ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார்; எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிவதில் அவருடைய ரசனை தெரியும்.

முட்டை விலை

இனி நம் பெஞ்சுக்கு வந்த பேப்பர். சி.பா. ஆதித்தனார் லண்டனில் சட்டம் படித்தவர். அங்கே சாமானியர் கையில் பார்த்த ‘டெய்லி மிரர்’ போலத் தமிழில் ஒன்று வேண்டும் என்று 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையின் தமிழைப் பற்றிக் கிண்டலும் பாராட்டும் ஏராளமாக வந்திருக்கின்றன. அதன் பக்கத்தைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு சொல்லவில்லை.

ஒரு கற்பனைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். முதலில் கொத்தாக:

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை பத்து காசு உயர்த்தப்பட்டுள்ள நிலையில், வெளிமாநிலங்களுக்கு அனுப்பப்படும் முட்டையின் அளவு கூடியிருப்பதாலும் தீவன விலை ஏறியிருப்பதாலும் இந்த உயர்வு தவிர்க்க முடியாததாகிவிட்டதாகவும், சில்லறை விலையும் உயரக்கூடும் எனவும் பண்ணையாளர்கள் தெரிவித்துள்ளனர்.

இதையே தந்தி பாணியில்:

முட்டை விலை 10 காசு உயர்வு

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 10 காசு உயர்ந்தது.

இதுபற்றி பண்ணையாளர்கள் கூறியதாவது:-

வெளிமாநிலங்களுக்கு அதிக முட்டை போகிறது. தீவன விலையும் ஏறிவிட்டது.

கடைகளில்

கடைகளிலும் முட்டை விலை உயரும்.

இவ்வாறு அவர்கள் கூறினார்கள்.

இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். ஆனால் முதலாவதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். யார் சொன்னது என்று தெரிவதற்குக் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். தமிழ் வாக்கியம் அப்படித்தான். வினை வாலில் இருக்கும். கேட்கிறவர் அதுவரை எல்லாவற்றையும் தலையில் சுமக்கிறார். இரண்டாவதில் அந்த முக்காற்புள்ளியும் கோடும், ‘:-’, வேலை செய்கின்றன. “இனிமேல் வருவது வேறொருவர் குரல்” என்று முன்னாலேயே சொல்லிவிடுகின்றன. ‘இவ்வாறு அவர்கள் கூறினார்கள்’ என்பது குரல் முடிந்ததற்கு அடையாளம். மேற்கோள் குறி கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. பெரியவர் வாசிக்க மற்றவர் கேட்கும் இடத்தில் மேற்கோள் குறியை எப்படிக் கேட்க வைப்பது? இப்படித்தான். படித்தவர்கள் தேய்ந்த வழக்கு என்று ஒதுக்குகிற இந்த இரண்டு தொடரும் காதுக்கென்றே செய்த மேற்கோள் குறிகள். இதை ரசிக்கத் தெரிந்துகொண்டால் பழைய பேப்பரைக்கூட எடைக்குப் போட மனசு வராது.

‘கடைகளில்’ என்ற அந்தக் குட்டித் தலைப்பைக் கவனியுங்கள். ஒற்றைச் சொல். தீர்ப்பு சொல்லவில்லை, விஷயத்தை உடைக்கவில்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று மட்டும் சொல்கிறது. பாதியில் வந்து உட்கார்ந்தவர் அங்கிருந்து தொற்றிக்கொள்ளலாம். பத்திகளோ ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடிகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஒவ்வொரு பத்தியும் முடிக்கக்கூடிய தூரம். முடித்த தெம்பில் அடுத்ததற்குப் போவார்.

இதில் அச்சுத் தொழிலின் சங்கடம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீள்கிற சொல். ‘நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒன்று வந்தால் சிங்கிள் காலம் செய்தியில் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மேல் வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி விழும். அதனால் சொல்லை எங்காவது உடைத்தாக வேண்டும். தமிழில் உடைத்த இடத்தில் இணைப்புக்கோடு போடுகிற வழக்கம் இல்லை. ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்பது அச்சுக் கோத்தவர்கள் காத்த முறை. ‘க்’ என்று ஒரு வரியை எப்படித் தொடங்கி வாசிப்பது? மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்து என்பதால் வரிக்கும் வரிக்கும் நடுவே கொஞ்சம் தாராளமாகவும் விட வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுத்துத்தான் அந்தக் குறுகிய பத்திகள் நிற்கின்றன. சிறிய வாக்கியம், சிறிய சொல் என்ற நடை கருணையால் மட்டும் வந்ததல்ல. இடத்தின் அளவும் அதைக் கேட்டு வாங்கியது.

மீதியை வெள்ளித்திரையில்

வாசகனை இழுத்துப் பிடிக்கும் வித்தையில் சேலத்துக்கும் பங்கு உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்துத் தள்ளிய காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அட்டையில் படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதைச் சுருக்கம் சரியாகக் கதாநாயகி ஆபத்தில் மாட்டும் இடம் வரை வந்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நின்றுவிடும். சில காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்துக்கு எங்கே நிறுத்துவது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது.

தொடர்கதைக்காரர்கள் அதையே நுட்பமாகச் செய்தார்கள். கல்கி 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது அத்தியாயங்களைச் சிறிதாக வைத்தார், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு கொடுத்தார், மணியம் படம் வரைந்தார். அத்தனை பெரிய நாவல் கனமாகத் தெரியாததற்கு அந்த முறிப்புகளே பெரிய காரணம். சுஜாதா இன்னும் ஒரு படி போய், ‘இறங்கினான்’ என்ற சொல்லின் எழுத்துகளையே படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிக் காட்டியதை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வித்தை ஒரு முறைக்குத்தான் தாங்கும். அவருக்கு அது தெரிந்திருந்தது. அவரைப் பார்த்துச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

எதிர்த்திசையில் க்ரியா. 1974-இல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தின் புத்தகத்தைத் திறந்தால் எதுவும் கையைப் பிடித்து இழுக்காது. ஓரத்தில் போதுமான வெள்ளை, சீரான வரி, யோசித்து வைத்த நிறுத்தக்குறி. தந்தியின் பக்கம் எழுந்து போகப் பார்க்கிறவனை நிறுத்துகிறது. க்ரியாவின் பக்கம் உட்கார்ந்துவிட்டவனைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறது. இரண்டும் தன் வாசகன் எங்கே இருக்கிறான் என்று அறிந்த பக்கங்கள். ஒன்றின் உடையை மற்றதற்குப் போட்டால் கோமாளித்தனமாகிவிடும்.

பக்கம் கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவையே. எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் போட்டால் எதுவும் கொட்டை எழுத்து இல்லை. செய்திக்குச் செய்தி பெட்டி கட்டினால் பெட்டிக்கு மதிப்பில்லை. ஆச்சரியக்குறியை மூன்றாகப் போடுகிறவருக்குத் தன் வாக்கியத்தின்மேல் நம்பிக்கை இல்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய குற்றம், ‘தொடர்ச்சி 8-ம் பக்கம்’. தாள் பிரித்துப் படிக்கிற ஊரில் எட்டாம் பக்கம் யார் கையில் இருக்கிறதோ, அவர் எந்த பஸ்ஸில் ஏறிவிட்டாரோ! முதல் பக்கத்திலேயே முடித்துக் கொடுக்கிற ஆசிரியருக்கு ஒரு கும்பிடு.

இப்போது பெஞ்சில் பாதிப் பேர் கையில் போன். அதன் திரை சிங்கிள் காலத்தைவிடக் குறுகல். நீண்ட சொல் வந்தால் வரி தாறுமாறாக உடைகிறது. புள்ளி எழுத்து வரித் தொடக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கையில் பழைய அச்சுக் கோப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்று தோன்றும். இரு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்ற ஆசையைத் தமிழ் இங்கே விட்டுவிடுவது நல்லது. வலது ஓரம் மேடு பள்ளமாக இருந்தால் குடி முழுகிவிடாது. கருவி புதிது என்பதற்காகப் புதிய சாஸ்திரம் எதுவும் தேவைப்படவில்லை. சிறிய பத்தி, ஒற்றைச் சொல் தலைப்பு, யார் பேசுகிறார் என்பதை முன்னால் சொல்வது: எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருக்கிற சரக்கு.

ஒரு பக்கம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க அளவுகோலோ கணினியோ வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே ஒரு விஷயம் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது, யார் சொன்னது என்று அவர் திருப்பிக் கேட்காமல் இருந்தால், பத்தி பிரித்தவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.